மணப்பொண்ணு வெளுத்த கதை

— தொடாத ஷௌக்கி! கைய எடு. தொட்டா பொடிப்பொடியா உதிர்ந்துடும் போல இருக்கு.

— தொடாம எப்படி பாஷா பாக்கறது? வைத்தியர வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, நாடி மட்டும் பிடிக்காதீங்கன்னு சொன்ன கதையா இருக்கே.

— கண்ணால பாரு. அதுக்குத்தானே ரெண்டு கண்ணு குடுத்திருக்கான்.

— ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டேன். மீன்தொட்டிக்குள்ள ஒரே வெள்ளை. நோன்புக்கு முன்னாடி நான் வந்தப்ப இந்த மான்கொம்புப் பவளம் எப்படி இருந்துச்சு! ஊதா நிறத்துல, நுனியில பச்சை ஏறி, என் தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு உடுத்தின துணி மாதிரி. இப்ப பாருங்க, சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம் நிக்குது.

— வெளுத்தது எனக்கும் தெரியுது. ஏன் வெளுத்துச்சு, அதச் சொல்லு. எங்க பத்திச்சு, எப்பப் பத்திச்சு, எவ்வளவு போச்சு. ரிப்போர்ட் வேணும் எனக்கு.

— தீயணைப்பு வேலைய விட்டு ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் உங்க வாயில புகை வாடை போகல.

— நீ ஊருக்குப் போய் மூணு மாசம் உக்காந்துட்ட. குஸைர்ல உனக்கு அப்படி என்னடா வேலை? பெருநாள் முடிஞ்சா வந்துடுவேன்னு சொன்னவன்தானே?

— தங்கச்சிக்குப் பேறுகாலம் பாஷா. எங்க அம்மா காலப் பிடிச்சுக்கிட்டா, நான் என்ன பண்ண? வந்து இறங்கி ரெண்டு நாள்தான் ஆகுது. உங்க ஃபோன் வந்ததும் பெட்டியக்கூடப் பிரிக்காம ஓடி வந்திருக்கேன். கோவிச்சுக்காதீங்க.

— கோவமில்ல. நேரமில்ல. வர்ற செவ்வாய்க்கிழமை பர்ராக் அம்மா ஹூஸ்டன்லேருந்து வர்றா.

— அல்ஹம்துலில்லாஹ்! இத வாசல்லயே சொல்லியிருக்கலாம்ல? ஆஸ்பத்திரியில விட்டுட்டாங்களா?

— விட்டுட்டாங்க. ரத்தம் சுத்தமாயிடுச்சாம். இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பரிசோதனை, அவ்வளவுதான்.

— அப்புறம் ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது? ஊரக் கூட்டி விருந்து வைக்க வேண்டிய மனுஷன், ரெண்டு ஆடு அடிக்க வேண்டிய மனுஷன்...

— ஆடெல்லாம் சொல்லியாச்சு. பையன் பர்ராக் பாத்துக்கறான். என் கவலை ஆடில்ல. இந்தத் தொட்டி. இது அவளோடது ஷௌக்கி. பதினோரு வருஷம். இந்த மான்கொம்ப வாங்கும்போது என் சுண்டு விரல் நீளம்தான் இருந்துச்சு. "மணப்பொண்ணு"ன்னு பேரு வச்சா. கல்யாண நாள் மாதிரி வருஷா வருஷம் அதோட உசரத்த அளப்பா.

— எனக்குத் தெரியாதா? நான்தானே அளவுகோலப் பிடிப்பேன்.

— விமானம் ஏறும்போது என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "நான் திரும்பி வரும்போது என் மணப்பொண்ணு இருக்கணும்"னா. புள்ளையப் பாத்துக்கோங்கன்னு கூடச் சொல்லல.

— புள்ளைக்கு முப்பத்திரண்டு வயசு, பொண்டாட்டியும் வந்தாச்சு. அது தன்னத் தானே பாத்துக்கும்.

— என் காலு சரியா இருந்தா நானே கூடப் போயிருப்பேன். ரத்தக்குழாய் அடைச்சிருக்கு, பதினாறு மணி நேரம் விமானத்துல உக்காந்தா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டர் தடுத்துட்டான். அவ தம்பி போனான் துணைக்கு. எனக்குன்னு அவ விட்டுட்டுப் போனது இந்த ஒரு வேலைதான். அதையும் கெடுத்து வச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை கதவத் தொறந்து உள்ள வந்ததும் முதல்ல எங்க போவா? இங்கதான். என்ன சொல்லட்டும் அவகிட்ட?

— சரி, உக்காருங்க. அந்த ஏலக்காய் டீயில ஒரு வாய் குடிங்க. நான் ஒவ்வொண்ணாப் பாக்கறேன். மொதல்ல சூடு... இருபத்தாறு. குத்தமில்ல.

— குளிர வைக்கற மெஷின தினம் மூணு தடவ பாக்கறேன். போன வாரம் புழுதிக் காத்து அடிச்சப்பக் கூட கரண்டு போகல.

— அடுத்தது உப்பு... முப்பத்தஞ்சு. அதுவும் சரி. கடல் தண்ணி ஏதாவது மொண்டு ஊத்தினீங்களா? ஸால்மியாக் கரையில வாளியோட நின்னீங்களா?

— எனக்கென்ன பைத்தியமா? நம்ம கடலோட உப்பு இதுங்களுக்குத் தாங்காதுன்னு அவ சொல்லியிருக்கா. கடையில வாங்கற உப்புதான், வடிகட்டின தண்ணிதான். அளந்துதான் கலக்கறேன்.

— வேற எதையாவது ஊத்தினீங்களா?

— இல்ல.

— பாஷா.

— இல்லன்னு சொன்னேன்ல.

— இல்லன்னா கண்ணு ஏன் ஜன்னல் பக்கம் போகுது?

— ஸம்ஸம்.

— என்னது?

— ஸம்ஸம் தண்ணி. ஒரு டம்ளர். என் தம்பி மக்காவுக்கு உம்ரா போயிட்டு வந்து குடுத்தான். ஓதி, ஊதி, பாதிய இதுல ஊத்தினேன். மீதிய ஹூஸ்டன் போற ஒருத்தர்கிட்ட அவளுக்குக் குடுத்தனுப்பினேன். ரெண்டு பேருக்கும் ஒரே மருந்தா இருக்கட்டும்னு.

— ஒருத்திக்குக் கேட்டிருக்கு. இன்னொருத்தி அடம் பிடிக்கறா.

— சிரிக்காத. அதனாலயா வெளுத்துச்சு?

— சிரிக்கல பாஷா, சத்தியமா. எழுநூறு லிட்டர் தண்ணியில ஒரு டம்ளர் என்ன பண்ணிடும்? உங்க மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அது நல்லதுதானே?

— அப்ப லத்தீஃபாதான். எனக்கு அப்பவே தெரியும்.

— மருமகளா? அது என்ன பண்ணுச்சு பாவம்?

— வியாழக்கிழமையானா பகூர் புகை போடறா. வீடே மேகம் எறங்கின மாதிரி ஆயிடுது. தொட்டி இருக்கற கூடத்துல போடாதன்னு நூறு தடவ சொல்லிட்டேன். கேட்டாத்தானே?

— உங்க வீட்டம்மா உம்மு பர்ராக் இருந்தப்பப் போடலையா புகை?

— அவளும் போட்டா.

— இதவிடக் கம்மியாவா?

— ...இதவிட அதிகமாத்தான்.

— அப்ப பதினோரு வருஷமாப் புகை குடிச்சு வளர்ந்த பவளம் இது. மருமகள விட்டுடுங்க.

— அப்ப வேலைக்காரி. கண்ணாடி துடைக்கற மருந்த இஷ்டத்துக்கு அடிக்கறா.

— அதுவும் இல்லன்னா பக்கத்து வீட்டுப் பூனை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கொஞ்ச நேரம் யார் மேலயும் பழி போடாம இருங்க பாஷா, இந்தச் சொட்டு மருந்து நிறம் மாறட்டும். ம்... சுண்ணாம்புச் சத்து சரியா இருக்கு. கழிவும் சரியா இருக்கு. தண்ணியில ஒரு குத்தமும் சொல்ல முடியாது. இவ்வளவு ஒழுங்கா தண்ணி வச்சிருக்கற வீடு குவைத்துல பத்து தேறினா அதிகம்.

— ஃப்ரிட்ஜ் கதவுல அவ எழுதி ஒட்டியிருக்கா பாரு. காலையில என்ன, மத்தியானம் என்ன, வெள்ளிக்கிழமை என்ன. ஒரு வரி விடல நான்.

— வரும்போதே படிச்சேன். மீனுக்கு எத்தனை சிட்டிகை தீனி, பவளத்துக்கு எத்தனை சொட்டு மருந்து, எல்லாத்துக்கும் கீழ உங்களுக்கு எத்தனை மாத்திரை. மீனுக்கு அப்புறம்தான் நீங்க.

— எனக்கு எழுதினத நீ ஏன் படிக்கற? வேலையப் பாரு.

— பாத்துட்டுத்தானே இருக்கேன். இப்படி வாங்க. மணப்பொண்ணோட மேல் பக்கம் முழுக்க வெள்ளை. கீழ, கிளைக்கு அடியில, நிழல் விழற இடத்துல பாருங்க.

— ஊதா இருக்கு. கொஞ்சம்.

— பாறைக்குப் பின்னாடி ஒதுங்கி இருக்கே, அந்த மூளைப் பவளம்?

— ஹஸ்ஸா அத்தையா?

— யாரு அத்தை?

— அதுக்கு அதான் பேரு. அவ அத்தை கழுத்து மாதிரியே மடிப்பு மடிப்பா இருக்குன்னு வச்சா. அத்தைக்கு இன்னும் தெரியாது. ஹஸ்ஸா நல்லாத்தான் இருக்கா.

— அத்தை நிழல்ல உக்காந்திருந்தா, தப்பிச்சா. நிமிர்ந்து நின்ன மணப்பொண்ணு மாட்டிக்கிட்டா. சூட்டுனால வந்ததுன்னா அத்தையும் வெளுத்திருக்கணும். தண்ணியினால வந்ததுன்னாலும் அப்படித்தான். விளக்கப் பாத்து நிக்கறது மட்டும்தான் வெளுத்திருக்கு. உங்க பாஷையில ரிப்போர்ட் சொல்லட்டா? மேலேருந்து பத்தியிருக்கு.

— விளக்கா? அது நாலு வருஷம் பழசு. நேரமும் மாறல. காலையில பத்துக்கு ஏறும், ராத்திரி எட்டுக்கு அடங்கும். எல்லாம் தானா நடக்கும்.

— அதான் எனக்கும் இடிக்குது. புது விளக்கு மாட்டின வீட்டுல வெளுத்துப் பாத்திருக்கேன். ஜாப்ரியாவுல ஒருத்தர், பிரமாதமான விளக்கு வாங்கியிருக்கேன்னு எடுத்த எடுப்பிலயே முழுசா ஏத்தி விட்டாரு. பத்தே நாள்ல தொட்டி வண்ணான் துறை மாதிரி ஆயிடுச்சு. ஆனா பழைய விளக்கு மங்கத்தானே செய்யும்? வயசானப்புறம் திடீர்னு பிரகாசம் கூடுமா?

— வயசானா மங்கும். என்னப் பாத்தா தெரியலையா?

— ஹா, சிரிச்சுட்டீங்க!

— சிரிக்கல. தொண்டையில ஏலக்காய்.

— சரி, ஏலக்காய்தான். பாஷா, இந்த மஞ்ச மீனுக்கு என்ன ஆச்சு?

— ஏன், என்ன?

— நாம அஸர் தொழுதுட்டு வந்து உக்காந்திருக்கோம். பட்டப்பகல். இவன் ரெண்டு கல்லுக்கு நடுவுல சாஞ்சு கிடக்கறான். வயித்துப் பக்கம் பாருங்க, மஞ்சள் மங்கி அழுக்கு பிடிச்ச மாதிரி ஒரு திட்டு, அதுக்குள்ள வெள்ளையா ஒரு கோடு.

— சீக்கா? அவனுமா?

— சீக்கில்ல. அது அவனோட ராத்திரிச் சட்டை. இந்த ஜாதி மீன் தூங்கும்போதுதான் அந்த நிறத்துக்கு மாறும், முழிச்சதும் பழையபடி மஞ்சளாயிடும். இவன் பகல்ல தூங்கறான் பாஷா. ராத்திரி தூக்கம் கெட்டவன்தானே பகல்ல தூங்குவான்?

— சோம்பேறிப் பய. பர்ராக்கும் இப்படித்தான் தூங்குவான்.

— அபூ பர்ராக்.

— என்ன திடீர்னு பாஷாவ விட்டுட்டு பர்ராக் அப்பான்னு கூப்பிடற?

— பதினோரு வருஷமா இந்த வீட்டுக்கு வர்றேன். உங்க வீட்டு உப்பத் தின்னிருக்கேன், இந்தத் தொட்டி உப்பையும் நாலு தடவ முழுங்கியிருக்கேன். அந்த உரிமையில கேக்கறேன். ராத்திரியில இந்த விளக்க யாரு போடறது?

— டீ ஆறுது. குடி.

— மீனே காட்டிக் குடுத்துடுச்சு பாஷா. நீங்களா சொல்லிட்டா கௌரவமா இருக்கும்.

— நான்தான்.

— எத்தனை மணிக்கு?

— ஒரு மணி. ஒன்றரை. மூணு வரைக்கும் எரியும். சில நாள் நாலு.

— தினமுமா?

— தினமும். நோன்புல ஆரம்பிச்சது.

— எதுக்கு? தனியா உக்காந்து பாக்கறதுக்கா?

— இங்க ராத்திரி ஒரு மணின்னா ஹூஸ்டன்ல சாயங்காலம். அவளுக்கு ஊசி, மருந்து எல்லாம் முடிஞ்சு அறைக்கு வர்ற நேரம். நோன்புல நம்ம வீடு ராத்திரி முழுக்க முழிச்சுத்தானே இருக்கும்? சஹர் சோறு வரைக்கும் யாரும் படுக்க மாட்டோம். ஒரு நாள் ஃபோன் பண்ணினா. தொட்டியக் காட்டுங்கன்னா. காட்டினேன். அடுத்த நாளும் கேட்டா. பெருநாள் வந்துச்சு, வீடு பழையபடி பத்து மணிக்குத் தூங்க ஆரம்பிச்சுடுச்சு. அவ கேக்கறத நிறுத்தல. நான் விளக்குப் போடறத நிறுத்தல.

— நீல விளக்க மட்டும் மெல்லிசாப் போட்டுக் காட்டியிருக்கலாமே?

— அதான் போட்டேன் முதல்ல. ஃபோன்ல எல்லாம் நீலமாக் கலங்கித் தெரியுது, ஒண்ணும் புரியல, வெள்ளைய ஏத்துங்கன்னா. ஏத்தினேன். இன்னும்னா. முழுசா ஏத்திட்டேன். அந்த வெளிச்சத்துல ஃபோன்ல எல்லாமே வெளுப்பாத்தான் தெரியும், நிறம் போனது அவளுக்குத் தெரிஞ்சிருக்காது.

— முழுசாவா! ராத்திரியில!

— ஃபோன ஸ்டாண்டுல நிறுத்திட்டு தொட்டிப் பக்கத்துல போய் நிப்பேன். "இன்னும் கிட்டப் போங்க, மணப்பொண்ணு நுனி வளர்ந்திருக்கான்னு காட்டுங்க"ன்னுவா. குனிஞ்சு விரலால காட்டுவேன். "அந்த ஓரத்துல இருக்கறது"ன்னுவா. அங்க போவேன். கையில ஊசி குத்தின அடையாளத்தோட படுத்துக்கிட்டு ஆசையாக் கேக்கறா. போதும்மா, நேரமாச்சு, அணைக்கறேன்னு எந்த வாயால சொல்றது?

— சொல்ல முடியாதுதான். நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

— இருபத்தெட்டு வருஷம் அடுத்தவன் வீட்டு நெருப்ப அணைச்சேன். என் வீட்டுல நானே கொளுத்தி வச்சிருக்கேன்.

— அவ்வளவு தூரம் போகாதீங்க. கேளுங்க, ஒண்ணு சொல்றேன். இந்தப் பவளத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி ஒண்ணு குடியிருக்கு. அதுதான் சமையல்காரி. பகல் வெளிச்சத்துல அது சமைச்சுப் போடும், பவளம் சாப்பிடும். நாம பாக்கற நிறத்துல பாதி அவளோட நிறம்தான். நீங்க ராத்திரியும் அடுப்ப மூட்டி விட்டீங்க. ஓய்வே இல்லாம அடுப்பு எரிஞ்சா வீடு புகை மண்டிப் போகும்ல? பவளம் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, சமையல்காரிய வெளிய அனுப்பிடுச்சு. அதான் இந்த வெள்ளை.

— செத்துப்போச்சுன்னு சொல்றியா?

— யாரு சொன்னா? கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க. அந்த வெள்ளை மேல பொடிப்பொடியா வாய் தெறந்து மூடுது, தெரியுதா? வெளுத்தது வேற, செத்தது வேற. இது பட்டினி கிடக்கு, அவ்வளவுதான்.

— தெரியுது. ஆமா, அசையுது. அல்லாவே, அசையுது ஷௌக்கி!

— அசையும். சின்ன வயசுல எங்க ஊர்க் கடல்ல இப்படி வெளுத்து, அடுத்த குளிர்காலத்துல நிறம் ஏறினத நானே முங்கிப் பாத்திருக்கேன். விளக்க மூணுல ஒரு பங்குக்கு எறக்கறேன். பத்து மணி நேரம் வேண்டாம், ஆறு போதும். மேல கொசுவலைத் துணி ரெண்டு மடிப்பாக் கட்டறேன், கொஞ்சம் கொஞ்சமாப் பிரிக்கலாம். சமையல்காரி திரும்பி வர்ற வரைக்கும் நாமதான் ஊட்டணும். பொடித் தீனி தர்றேன், தண்ணியில கரைச்சு, ஊசியில்லாத சிரிஞ்சால மெதுவா விடுங்க. முக்கியமா, ராத்திரி முழு இருட்டு. ஒரு தீக்குச்சி கூடக் கூடாது.

— செவ்வாய்க்கிழமைக்குள்ள நிறம் வந்துடுமா?

— பாஷா, ரெண்டு மாசம் ஆகும். மூணு கூட ஆகலாம். அதுவும் அல்லா நாடினா.

— அஞ்சு நாள்தான் இருக்கு.

— தெரியுது. என்ன பண்றது?

— நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். உன் கடையில ஊதா மான்கொம்பு இருக்கா?

— இருக்கு. எதுக்கு?

— இதே அளவு?

— கிட்டத்தட்ட... வேண்டாம் பாஷா. புரிஞ்சுடுச்சு. வேண்டாம்.

— முழுசாக் கேளு. இத நீ எடுத்துட்டுப் போய் உன் கடையில வச்சு வைத்தியம் பாரு. அத இங்க கொண்டுவந்து வை. இதுக்கு நிறம் வந்ததும் மாத்திடலாம். யாருக்கும் தெரியப்போறதில்ல.

— உங்களுக்குத் தெரியாது, பர்ராக்குக்குத் தெரியாது. உம்மு பர்ராக்குக்கா தெரியாது? முழு ஆட்டையும் சோத்துக்குள்ள மறைக்கப் பாக்கறீங்களே! எந்தக் கிளை எந்தப் பக்கம் வளையும்னு அவங்களுக்கு மனப்பாடம். போன வருஷம் சுத்தம் பண்ணும்போது நகத்தளவு நுனி ஒடிஞ்சுதுன்னு ஒரு மாசம் எனக்கு டீ வரல இந்த வீட்டுல.

— களைச்சுப் போய் வருவா. கண்ணுக்குச் சரியாத் தெரியாது.

— களைச்சுப் போய் வர்றவங்கள ஏமாத்தறதுக்கு என் கைய ஏன் கேக்கறீங்க? அதுவுமில்லாம இப்ப இத இடம் மாத்தினா, இருக்கற கொஞ்ச உசுரும் போயிடும். வெளுத்து நின்னாலும் இதுதான் அவங்க மணப்பொண்ணு. வேற ஒண்ண வச்சா அது யாரோ வீட்டுப் பொண்ணு.

— அப்ப நேராச் சொல்லணும்ங்கற.

— இன்னிக்கே சொல்லணும். ராத்திரி அவங்க கூப்பிட்டா விளக்குப் போட முடியாதே?

— எனக்குப் பேச வராது ஷௌக்கி.

— இவ்வளவு நேரம் என்கிட்டப் பேசினது யாரு?

— உன்னத் திட்டினேன். திட்டறது வேற. அவ போய் மூணு வாரத்துல, ஃபோன்ல பாத்தேன். முடியெல்லாம் போய், தலையில துணி கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டா என்னை. அவ முன்னாடி அழக்கூடாதுன்னு சட்டுனு வச்சுட்டேன். அதுக்கப்புறம் ஃபோன என் மூஞ்சிக்கு நேரா வச்சுப் பேச தைரியம் வரல. தொட்டியப் பத்தின்னா பேச வருது. மணப்பொண்ணு, ஹஸ்ஸா அத்தை, மஞ்ச மீனு. மூணு மாசமா நாங்க பேசினது மொத்தமும் இது மூணுதான்.

— இன்னிக்கும் தொட்டியப் பத்தித்தானே பாஷா பேசப்போறீங்க? உண்மையாப் பேசுங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

— உனக்கு லேசு. நாளைக்கு உனக்கு ஒரு பொண்டாட்டி வந்தா அவகிட்ட தினம் உண்மை பேசுவியா?

— எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அதனாலதான் தைரியமா புத்தி சொல்றேன். இருங்க, உங்க ஃபோன் அடிக்குது.

— இந்நேரமா? அவளா இருக்காது, அங்க இப்பத்தான் விடிஞ்சிருக்கும். யாரு பாரு.

— அவங்கதான்.

— நீ எடு.

— நான் எடுத்தா நல்லாவா இருக்கும்? புருஷனுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அங்கயே மயங்கி விழுவாங்க. எடுங்க பாஷா. சத்தமாப் பேசற பொத்தான அமுக்கிக் கீழ வைங்க, நான் பக்கத்துலயே நிக்கறேன்.

— ஹலோ.

— என்ன பர்ராக் அப்பா, கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு?

— ஒண்ணுமில்ல. அஸர் தொழுதுட்டு உக்காந்திருக்கேன். நீ ஏன் இந்நேரம்? உடம்புக்கு ஏதாவது...

— உடம்புக்கு ஒரு கேடும் இல்ல. டாக்டரம்மா காகிதத்துல கையெழுத்துப் போட்டுட்டாங்க. தம்பி டிக்கெட்ட மாத்திட்டான். செவ்வாய்க்கிழமை இல்ல, சனிக்கிழமையே வந்துடறேன்.

— சனிக்கிழமையா?

— ஏன், வரட்டுமா வேண்டாமா?

— வா. வா. வராம? சந்தோஷம்தான்.

— தேர்தல்ல தோத்தவர் மாதிரி சந்தோஷப்படறீங்க. பக்கத்துல யாரு, மூச்சு விடற சத்தம் கேக்குது?

— ஷௌக்கி.

— சலாம் உம்மு பர்ராக்! நல்லபடியா வந்து சேருங்க!

— ஷௌக்கியா? வந்துட்டியா? தங்கச்சிக்கு என்ன குழந்தை?

— பையன். எங்க அப்பா பேரையே வச்சிருக்கோம்.

— மாஷா அல்லாஹ். நீண்ட ஆயுசா இருக்கட்டும். ஊர்லேருந்து வந்தவன் நேரா என் தொட்டிக்கு வந்திருக்க. என்ன சொல்லுது தொட்டி?

— அது வந்து... பாஷா சொல்லுவாரு.

— பர்ராக் அப்பா?

— இருக்கேன்.

— இருக்கீங்கன்னு தெரியுது. சொல்லுங்க.

— வெளுத்துட்டா. மணப்பொண்ணு. முழுசா வெளுத்துட்டா. வேற யாரும் காரணமில்ல, லத்தீஃபா இல்ல, புகை இல்ல, நான்தான். ராத்திரியெல்லாம் விளக்குப் போட்டுப் போட்டு நான்தான் கெடுத்தேன். நீ ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போன, அதக் காப்பாத்தல. உன்ன ஏமாத்தக்கூடப் பாத்தேன், கடையிலேருந்து வேற ஒண்ணு கொண்டுவந்து வைக்கலாம்னு. ஷௌக்கி விடல.

— ம்.

— சாகல. நானே கண்ணாடி போட்டுப் பாத்தேன், வாய் அசையுது. ரெண்டு மூணு மாசத்துல நிறம் வரும்ங்கறான். ஆனா இன்னிலேருந்து ராத்திரி விளக்குக் கூடாதாம். நீ கூப்பிட்டா என்னால காட்ட முடியாது. மன்னிச்சுக்கோ.

— சொல்லி முடிச்சாச்சா?

— முடிச்சாச்சு.

— அப்ப நான் சொல்றேன். ஷௌக்கி, நீயும் கேளு. ராவும் பகலும் வெள்ளை விளக்கு எரிஞ்சா பவளம் வெளுக்கும்னு பதினோரு வருஷம் வளர்த்தவளுக்குத் தெரியாதா?

— தெரிஞ்சிருக்கும்னுதான் நானும் நெனச்சேன் உம்மு பர்ராக்.

— பெருநாளுக்கு மறுநாளே நுனி வெளுத்தத நான் பாத்துட்டேன் பர்ராக் அப்பா. தொடர்ந்து போட்டா முழுசாப் போயிடும்னும் தெரியும். தெரிஞ்சேதான் தினம் போடச் சொன்னேன்.

— தெரிஞ்சா? உன் மணப்பொண்ணா? இன்னும் ஏத்துங்க, இன்னும் கிட்டப் போங்கன்னு நீ ஏன் சொல்லணும்?

— ஃபோன உங்க பக்கம் திருப்பவே மாட்டேன்னுட்டீங்க. விளக்க முழுசா ஏத்தி, நீங்க அந்தத் தொட்டிக்குக் கிட்ட வந்து குனிஞ்சாத்தான் உங்க முகம் எனக்குத் தெரிஞ்சுது.